உள்ளடக்க மூலை

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதே என்று எனக்குக் கற்றுத்தர ஒரு துறை இருக்கிறது. அந்தத் துறைக்கு ஒரு மூன்றுமாடிக் கட்டடம், ஒரு வல்லுநர், ஒரு புரொஜெக்டர் எல்லாம் இருக்கின்றன. இத்தனையும் இருந்தும் எனக்கு அதைக் கற்றுத்தந்தது என்னவோ ஒன்பதாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில், ஜன்னல் ஓரமாக உட்காரும் ஒரு பெண்தான். அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு பென்சில் மட்டும்.

அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. ஒரு கருவி மாட்டியிருப்பாள். எதிரே நின்று நிதானமாகப் பேசினால் உதட்டைப் பார்த்தே பிடித்துக்கொள்வாள். ஆனால் நாற்பது பேர் வகுப்பில் அந்தக் கருவி இருக்கிற சத்தத்தையெல்லாம் ஒன்றாகக் கூட்டி ஒரே இரைச்சலாகக் கொடுக்கும். நானோ எழுதிக்கொண்டே பேசுகிறவள். பலகைப் பக்கம் திரும்பியதும் பின்னாலிருந்து டொக் டொக் என்று பெஞ்சில் பென்சிலால் தட்டுவாள். முதல் வாரம் எனக்கு எரிச்சலாக வந்தது. இரண்டாம் வாரம் விஷயம் புரிந்தது.

அதன்பின் எழுதும்போது வாயை மூடிக்கொண்டேன், பேசும்போது திரும்பிக்கொண்டேன். புது வார்த்தை வந்தால் முதலில் எழுதிவிட்டுத்தான் சொல்வேன். ஜன்னலுக்கு முன்னால் நிற்பதை விட்டேன், வெளிச்சம் பின்னால் விழுந்தால் என் முகம் அவளுக்கு வெறும் கறுப்பு. மற்ற பிள்ளைகள் பதில் சொல்ல எழுந்தால் தாங்களாகவே அவள் பக்கம் திரும்பி நின்று சொல்லப் பழகினார்கள். அவளுக்கு டொக்டொக் என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். அவளே அதை நோட்டு அட்டையில் பெரிதாக எழுதிக்கொண்டாள். வேடிக்கை என்னவென்றால், நன்றாகக் காது கேட்கிற பிள்ளைகளின் மார்க்கும் கூடவே ஏறியது. இவ்வளவு நாளும் அவர்களுக்கும் நான் சொன்னது விளங்கவில்லை போலிருக்கிறது. அவர்களிடம் பென்சில் தட்டும் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

அவள் அம்மா சலவைக் கடையில் வேலை பார்க்கிறவர். ஒருநாள் வந்து வாசலிலேயே நின்றார்.

"டீச்சர், இந்த வருஷம் பாஸ் பண்ணிட்டான்னா பத்தாவது படிக்கட்டும்னு அவ அப்பா சொல்லிருக்காரு. இல்லேன்னா அவரோட அக்கா தையல் கம்பெனி வெச்சிருக்காங்க, அங்க அனுப்பிடுவாராம். அங்க மெஷின் சத்தத்துல எல்லாருமே செவிடுதானாம், இவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்காதாம்."

"பாஸ் பண்ணிடுவாம்மா. அவ நல்லா படிக்கறா."

"அது எனக்குத் தெரியும் டீச்சர். உங்க ஸ்கூலுக்குத் தெரியுமான்னுதான் பயமா இருக்கு."

அந்தப் பயம் நியாயமானது என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத்தான் துறை விழித்துக்கொண்டது. இந்த ஆண்டு 'யாரும் விடுபடாத வகுப்பறை ஆண்டு' என்று அறிவித்தார்கள். குறையுள்ள பிள்ளைகளையும் மற்றவர்களோடு சேர்த்தே படிக்க வைப்பதற்கு உள்ளடக்கும் கல்வி என்று பேர் வைத்தார்கள். எங்கள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். அவரை நாங்கள் எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். கெட்டவர் இல்லை. மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்று பேசுகிறவர், அவ்வளவுதான்.

"உங்க கிளாஸ்லதான் ஒரு கேஸ் இருக்கு. அதனால ஒரு வாரப் பயிற்சிக்கு நீங்கதான் போகணும்."

"நான் ஒரு வாரம் போயிட்டா அந்தப் பொண்ணுக்கு யாரு பாடம் எடுப்பாங்க?"

"அவளுக்காகத்தானே போறீங்க? அவதான் கொஞ்சம் பொறுத்துக்கணும்."

அறிவியலில் ஒளி என்ற பாடம் பாதியில் நின்றது. நான் பயிற்சிக்குப் போனேன்.

பயிற்சி மூன்றாவது மாடியில். லிஃப்ட் பழுது. எங்களோடு வந்தவர்களில் ஊன்றுகோல் வைத்து நடக்கும் கணக்கு சார் ஒருவர் இருந்தார். படிக்கட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கீழேயே வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேலே வராததால் அவருக்கு ஆப்சென்ட் போட்டார்கள். கடைசி நாளில், உள்ளடக்கும் கல்வியில் அவருக்கு ஆர்வம் போதவில்லை என்று முடிவாகி, மறுபடியும் ஒரு வாரம் அதே மாடிக்கு வரச்சொன்னார்கள்.

வல்லுநர் விளக்குகளை அணைக்கச் சொன்னார். ஜன்னல் திரைகளையும் இழுத்தார்கள். இருட்டில் திரையைப் பார்த்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவர் பேசினார். "ஒவ்வொரு மாணவரும் தனித்தன்மை கொண்டவர். ஆகவே எல்லாருக்கும் பொருந்தற ஒரே முறைய இப்ப நான் சொல்றேன்" என்றார். அவர் என்ன முறை சொன்னார் என்பது பின்வரிசையில் இருந்த எங்களுக்குக் கேட்கவில்லை. ஒருவர் எழுந்து, கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொன்னார்.

"கேக்கலைன்னா கவனம் பத்தலைன்னு அர்த்தம்" என்றார் வல்லுநர்.

நானும் கை தூக்கினேன். இருட்டில் தெரியவில்லை. எழுந்து நின்றேன். "சார், என் கிளாஸ்ல உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கற பொண்ணு இருக்கா. பசங்க குரூப்பா பேசும்போது யாரு பேசறாங்கன்னு தேடறதுக்குள்ள பேச்சு முடிஞ்சிடுது. அதுக்கு என்ன பண்ணலாம்?"

"அருமையான கேள்வி" என்று அவர் மகிழ்ந்தார். "இதைக் கேள்வி மரத்துல ஒட்டிடுங்க."

சுவரில் காகிதத்தில் ஒரு மரம் வரைந்திருந்தது. கேள்விகளைப் பச்சை இலைகளாக வெட்டி அதில் ஒட்ட வேண்டும். வார முடிவில் மரம் நன்றாகத் தழைத்திருந்தது. அதன் முன்னால் நிற்க வைத்து எங்களைப் படம் எடுத்தார்கள். பதில்கள் எப்போது வரும் என்று கேட்டேன். பயிற்சியின் நோக்கம் கேள்வி கேட்க வைப்பதுதான், பதிலை நாமே கண்டடைவதுதான் உண்மையான கற்றல் என்று வல்லுநர் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

திரும்பி வந்தபோது என் வகுப்பறை மாறியிருந்தது. பின்பக்க மூலையில் ஒரு துண்டு ஜமக்காளம் விரித்து, தனியாக ஒரு டெஸ்க் போட்டு, மேலே காகிதப் பூக்களால் வளைவு கட்டியிருந்தார்கள். 'உள்ளடக்க மூலை' என்று பலகை தொங்கியது. அதன் கீழே டொக்டொக் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து கரும்பலகையே அரைகுறையாகத்தான் தெரியும். என் உதடு எங்கே தெரியப்போகிறது?

நேரே பெரிய டீச்சர் அறைக்குப் போனேன்.

"இது என்னங்க?"

"எப்படி இருக்கு? டிராயிங் டீச்சர் ரெண்டு நாள் உட்கார்ந்து செஞ்சாங்க."

"அவ இரண்டாவது பெஞ்சுல இருந்தாத்தான் என் முகம் தெரியும். மத்த பிள்ளைங்களோட நல்லாத்தானே உட்கார்ந்திருந்தா?"

"அதான் பிரச்சினையே. மத்த பிள்ளைங்களோட கலந்து உட்கார்ந்திருந்தா, அலுவலர் வந்து எதைப் பார்ப்பாரு? உள்ள இருக்கற பிள்ளைய எப்படிங்க உள்ளடக்க முடியும்? முதல்ல அவ தனியா இருக்கணும். அப்புறம்தானே நாம சேர்த்துக்க முடியும்?"

இப்படி ஒரு நியாயத்தை எதிர்த்துப் பேச எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை.

நானும் சளைக்கவில்லை. பாடம் எடுக்கும்போது ஒரு சின்னப் பலகையைத் தூக்கிக்கொண்டு அந்த மூலைக்கே போனேன். காகிதப் பூ வளைவுக்குப் பக்கத்தில் நின்று பாடம் நடத்தினேன். பிள்ளைகள் எல்லோரும் மறுபக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்கள். கடைசி பெஞ்ச் முதல் பெஞ்ச் ஆனதில் அங்கே ஒளிந்திருந்த சில பேருக்குத்தான் வருத்தம். டொக்டொக்குக்கு மறுபடியும் என் முகம் தெரிந்தது. குழிலென்ஸ் குவிலென்ஸ் எல்லாம் முடித்தோம்.

உள்ளடக்க அலுவலர் வந்தது அப்போதுதான். பெரிய உருவம், மென்மையான குரல், கையில் எப்போதும் போன். வாசலில் நின்று வகுப்பைப் பார்த்தவர் முகம் சுளித்தார்.

"எல்லாப் பிள்ளைங்களும் அந்த மூலையப் பாத்துத் திரும்பி இருக்காங்களே, ஏன்?"

"பாடம் அங்க நடக்குதுங்க" என்றேன்.

"அப்படின்னா மூலை முன்பக்கமா ஆயிடுது டீச்சர். முன்பக்கத்துல இருக்கறது மூலை இல்ல, சலுகை. நாம சலுகை தர்றதில்ல, சமத்துவம் தர்றோம். எல்லாரையும் பழையபடி திருப்பிடுங்க."

திருப்பினோம். அடுத்தபடியாக, மூலையில் ஒரே ஒரு பிள்ளைதான் இருக்கிறாளா என்று வருத்தப்பட்டார். "ஒருத்திய மட்டும் உள்ளடக்கினா அவ தனிமையா உணர மாட்டாளா? இன்னும் மூணு மூலை சும்மாத்தானே கிடக்கு?"

மறுநாளே தேடுதல் ஆரம்பித்தது. திக்கிப் பேசும் பையன் ஒரு மூலைக்குப் போனான். வீட்டில் வேறு மொழி பேசும் இரட்டைச் சகோதரிகளை இன்னொரு மூலையில் வைத்தார்கள். அவர்கள் ஒருத்திக்கொருத்தி பேசிக்கொள்ளவும் கூடாதாம், ஏனென்றால் மொழி முன்னேறாது. மீதி இருந்த மூலைக்கு யாரும் கிடைக்காமல் இடதுகைக்காரர்களைக் கொண்டு நிரப்பினார்கள். அப்புறம் கண்ணாடி போட்டவர்கள், உயரம் அதிகமானவர்கள், கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று போய்க்கொண்டே இருந்தது. பார்த்த பிள்ளைகள் சும்மா இருப்பார்களா? எனக்கும் கூச்சம், எனக்கும் உயரம் என்று தாங்களே பேர் கொடுத்தார்கள். நான் எந்த மூலையைப் பார்த்துப் பேசினாலும் மற்ற மூன்று மூலைகளுக்கும் முதுகைக் காட்ட வேண்டியதாயிற்று. பம்பரமாகச் சுற்றிச் சுற்றிப் பாடம் எடுத்ததில் தலை கிறுகிறுத்ததுதான் மிச்சம்.

கடைசியில் வகுப்பின் நடுவே மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஒரு குறையும் கண்டுபிடிக்க முடியாத பிள்ளைகள். அவர்களில் ஒருத்தி ஒருநாள் அழுதுவிட்டாள். "எங்களை மட்டும் ஏன் டீச்சர் ஒதுக்கி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். இதைப் பெரிய டீச்சர் அலுவலருக்குப் போனில் சொன்னார், எழுந்து நின்றுதான். அலுவலர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அந்த மூவரைச் சுற்றியும் ஒரு வளைவு கட்டச் சொன்னாராம்.

இந்தக் கூத்தில் டொக்டொக் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவளை ஆசிரியர் அறைக்குக் கூட்டிப்போய், எதிரே உட்கார வைத்து விட்டுப்போன பாடங்களைச் சொல்லிக்கொடுத்தேன்.

"டீச்சர், அந்தப் பூவெல்லாம் எப்ப எடுப்பாங்க?" என்று ஒருநாள் கேட்டாள்.

"தெரியலம்மா."

"எனக்குப் பூ புடிக்கும். ஆனா பூ பேசாது."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. ரெண்டையும் அடக்கிக்கொண்டு மின்னோட்டப் பாடத்தை மறுபடி ஆரம்பித்தேன்.

ஆண்டுத் தேர்வு நெருங்கியது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே கேள்வித்தாள். விடைத்தாள்களைக் கட்டி வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள், அங்கே திருத்தி வரும். பெரிய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, முகமெல்லாம் சிரிப்பாக ஒரு செய்தி சொன்னார்.

"உங்க பொண்ணுக்குப் பரீட்சைலேருந்து விலக்கு வாங்கிட்டேன்."

"எதுக்குங்க? அவ எழுதுவாளே."

"பரீட்சைங்கறது ஒரு சுமை டீச்சர். உள்ளடக்கப்பட்ட பிள்ளை தலையில எதுக்குச் சுமைய ஏத்தணும்? இறக்கி வெச்சாச்சு."

"எழுதலைன்னா மார்க் கிடையாது. மார்க் இல்லாம பத்தாவது எப்படிப் போவா?"

"போக வேண்டியதில்லையே. இங்கேயே இருக்கட்டும். எத்தனை வருஷம் வேணும்னாலும் அந்த மூலையில வந்து உட்காரலாம். அவளை யாரு வெளிய போகச் சொன்னா?"

அவர் மனதார நல்லது செய்துவிட்டதாகத்தான் நம்பினார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அலுவலருக்குப் பேசினேன். அவர் கூட்டத்தில் இருந்தார். நேரில் போனேன். வேறொரு கூட்டத்தில் இருந்தார். யாரையும் விட்டுவிடக் கூடாது என்பது பற்றிய கூட்டமாம், என்னை உள்ளே விடவில்லை.

அன்று மாலை டொக்டொக்கையும் அவள் அம்மாவையும் சலவைக் கடையில் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னேன். அம்மா கையில் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தார்.

"விலக்குன்னா என்ன டீச்சர், வரக் கூடாதுன்னு சொல்றாங்களா?"

"வர வேண்டாம்னு சொல்றாங்க."

டொக்டொக் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் வருவேன்" என்றாள்.

தேர்வு என்றால் மூலையெல்லாம் செல்லாது. பெஞ்சுகளை வரிசையாகப் போட்டே ஆக வேண்டும், பூ வளைவும் அதன் கீழிருந்த டெஸ்க்கும் மட்டும் மூலையில் காலியாக நின்றன. மற்ற தேர்வுகளை அவள் எப்படியோ எழுதிவிட்டாள். தாளைக் கொடுத்த ஆசிரியர்கள் யாரும் அவளைத் தனியாகக் கவனிக்கவில்லை, நாற்பது தாள் வந்தது, நாற்பது பேர் இருந்தார்கள். கடைசியாக அறிவியல். மேற்பார்வை நான். டொக்டொக் காதுக் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பரீட்சை எழுதும்போது நாற்காலி இழுக்கிற சத்தம், இருமல் சத்தம் எதுவும் வேண்டாமாம். குனிந்தவள் நிமிரவில்லை.

பாதித் தேர்வில் கதவு திறந்தது. முன்னால் உள்ளடக்க அலுவலர், பின்னால் கேமராவோடு ஒருவர், அவருக்கும் பின்னால் வெளிறிப்போன முகத்தோடு பெரிய டீச்சர். முன்மாதிரிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறார்களாம். தேர்வு நாள் என்பது அவர்களுக்குத் தெரியாதாம்.

"எங்க உங்க பிள்ளை?" என்று அலுவலர் காலியாக இருந்த மூலையைப் பார்த்துக் கேட்டார். அவர் எத்தனையோ முறை வந்திருக்கிறார். ஒருமுறைகூட வளைவுக்குக் கீழே இருந்த முகத்தைப் பார்த்ததில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பெரிய டீச்சர் வரிசைகளைப் பார்த்தார். டொக்டொக் எங்கே இருக்கிறாள் என்று கண்டுகொண்டார். என்னையும் பார்த்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தப் பெண்ணின் கையிலிருந்து தாள் போய்விடும். விலக்கு கொடுத்த பிள்ளை எப்படி எழுதுகிறாள் என்று அடுத்த கேள்வி அவரைப் பார்த்துத்தான் வரும்.

"அவ இன்னிக்கு லீவுங்க" என்றார் பெரிய டீச்சர்.

பயத்தில் சொன்னாரா, மனசு வந்து சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டும் கலந்தே இருக்கட்டும்.

"பரவாயில்ல" என்றார் அலுவலர். "மூலை இருக்குல்ல, அது போதும். பிள்ளை இல்லாதப்பதான் பளிச்சுன்னு இருக்கு." கேமராக்காரர் காலி டெஸ்க்கைப் பல கோணங்களில் படம் எடுத்தார். முன்மாதிரிப் பள்ளிப் பரிசு அந்தப் படத்துக்குத்தான் பிறகு எங்களுக்குக் கிடைத்தது.

போகிற போக்கில் வகுப்பையும் ஒரு படம் எடுத்துக்கொள்ள நினைத்தார்கள். அலுவலர் பிள்ளைகளுக்குப் பின்னால் நின்று, கைகளைத் தட்டி, "பிள்ளைங்களா, எல்லாரும் எழுதறத நிறுத்திட்டு இங்க பாருங்க" என்றார்.

எல்லாத் தலைகளும் திரும்பின. ஒரு தலை மட்டும் குனிந்தபடியே இருந்தது. பேனா ஓடிக்கொண்டிருந்தது. அலுவலர் இன்னொருமுறை கை தட்டினார். பிள்ளைகள் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருவரும் அவளைத் தட்டிக் கூப்பிடவில்லை. பெரிய டீச்சர் கண்களை மூடிக்கொண்டார்.

அலுவலர் வரிசைகளுக்கு நடுவே நடந்துபோய் அவளுக்குப் பின்னால் நின்றார். லென்ஸ் வழியாக ஒளி வளைவதை அவள் அளவுகோல் வைத்துக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சநேரம் அதையே பார்த்தார். பிறகு அவளைத் தொந்தரவு செய்யாமல் இருக்கத் தன் மென்மையான குரலை இன்னும் மென்மையாக்கிக்கொண்டு என்னிடம் சொன்னார்.

"பாத்தீங்களா டீச்சர்? நான் கத்தறேன், ஊரே திரும்புது, இவ ஒருத்திக்குக் கவனம் சிதறல. படிக்கற பிள்ளைன்னா இப்படி இருக்கணும். நீங்க மூலையிலேயே கவனமா இருந்து இந்த மாதிரிப் பிள்ளைங்களைக் கோட்டை விட்டுடாதீங்க. அடுத்த வருஷம் பத்தாவதுல இவளை முதல் பெஞ்சுல, டீச்சருக்கு நேர் எதிர்ல உட்கார வைங்க. எந்த டீச்சர் வந்தாலும் இவ முகத்தைப் பாத்துப் பாடம் எடுக்கணும். இது என் உத்தரவு."

"கட்டாயம் சார்" என்றார் பெரிய டீச்சர், கண்களைத் திறக்காமலே.

விடைத்தாள் நாற்பதோடு நாற்பதாகக் கட்டிப் போய்த் திருத்தி வந்தது. அவள் பாஸ். தையல் கம்பெனிக்குப் போகவில்லை. இப்போது பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், ஆசிரியர்கள் அவள் முகத்தைப் பார்த்துத்தான் பாடம் எடுக்கிறார்கள். துறை இதுவரை போட்டதிலேயே உருப்படியான உத்தரவு அது ஒன்றுதான். அதை யாருக்குப் போட்டோம் என்று மட்டும் துறைக்குத் தெரியாது, தெரிந்தால் ரத்து செய்துவிடுவார்கள்.